சூரன் தலை மாறும்போது வேர்த்துப்போன வாசகிக்கு

கேள்வி: அம்மா, வணக்கம். எனக்கு 38 வயசு. கோயம்புத்தூர்ல ஒரு தனியார் கம்பெனில அக்கவுண்ட்ஸ்ல 12 வருஷமா வேலை பாக்குறேன். இந்த வருஷம் மேனேஜர் போஸ்ட் காலியாகுது, எனக்கும் கூட வேலை பாக்குற இன்னொரு பொண்ணுக்கும்தான் போட்டி. கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருந்து அந்த போஸ்ட் எனக்குக் கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டேன். உண்மையைச் சொன்னா, அவளுக்குக் கெடைக்கக்கூடாதுன்னும் வேண்டிக்கிட்டேன். ஆறாம் நாள் சூரசம்ஹாரம் பாக்கப் போனேன். சூரனோட தலையை மாத்தி மாத்தி மாட்டுறதைப் பாக்கும்போது திடீர்னு இது நான்தானேன்னு தோணி வேர்த்துப்போச்சு. வீட்டுக்கு வந்து கீதை 16-ம் அத்தியாயம் எடுத்துப் படிச்சேன். "இன்னைக்கு இது கெடச்சுது, அடுத்து அதை அடைவேன்"னு அசுரன் சொல்றதா வருது, அப்படியே என் டைரி மாதிரி இருக்கு. ஆசைப்படுறதே அசுர குணமா? சாமிகிட்ட எதுவுமே கேக்கக்கூடாதா? அடுத்த வருஷம் நான் விரதம் இருக்கலாமா? (தைராய்டு மாத்திரை வேற சாப்பிடுறேன்.)

பதில்:

உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன்மா. மொத தடவை சிரிப்பு வந்துச்சு, தப்பா எடுத்துக்காதீங்க, ரெண்டாவது தடவை வரல. காலேஜ்ல 31 வருஷம் தத்துவம் சொல்லிக்கொடுத்துட்டு ரிட்டயர் ஆனவ நான், இப்போ எங்க அபார்ட்மென்ட் மொட்டை மாடில ஞாயித்துக்கிழமை கீதை வகுப்பு எடுக்குறேன், ஒம்பது பேர் வருவாங்க, அதுல ரெண்டு பேர் சுண்டலுக்கு வர்றவங்க. இத்தனை வருஷத்துல 16-ம் அத்தியாயத்தைப் படிச்சிட்டு "எங்க மாமியார் அப்படியே இதான் மேடம்", "எங்க பாஸைப் பாத்து எழுதின மாதிரி இருக்கு"ன்னு சொன்னவங்க எக்கச்சக்கம். "இது நான்"னு சொன்னவங்களை ஒரு கைவிரல்ல எண்ணிடலாம்.

இந்த பயம் உங்களுக்கு மட்டும் வந்ததில்ல. கிருஷ்ணர் அந்த அத்தியாயத்துல மொத மூணு சுலோகத்துல தெய்வ குணம் சொல்றார், நாலாவதுல அசுர குணம் சொல்றார், அஞ்சாவதுல சட்டுனு அர்ஜுனன் பக்கம் திரும்பி "மா சுச:"ங்கறார், கவலைப்படாதே, நீ தெய்வ சம்பத்தோட பொறந்தவன்ங்கறார். அர்ஜுனன் அங்க வாயே தொறக்கல. மூஞ்சியைப் பாத்தே சொல்லியிருக்கணும்னு நான் வகுப்புல சொல்லுவேன், ஏன்னா லிஸ்ட்டைக் கேக்குறவன் எவனா இருந்தாலும் நாம எந்தப் பக்கம்னு ஒரு நிமிஷம் வயித்தைக் கலக்கத்தான் செய்யும். அதே "மா சுச:" திரும்ப 18-ம் அத்தியாயத்துல சரணாகதி சுலோகத்தோட கடைசி வார்த்தையா வருது. அசுரனைப் பத்திப் பேச ஆரம்பிக்கிற எடத்துல ஒரு தடவை, எல்லாத்தையும் பேசி முடிக்கிற எடத்துல ஒரு தடவை.

இப்போ அந்த நாலாவது சுலோகத்துக்கு வாங்க. அசுர குணம்னு ஆறு சொல்றார். ஆடம்பரமா வேஷம் போடுறது, திமிரு, தன்னைப் பத்தின பெருமை, கோவம், கடுமையாப் பேசுறது, அறியாமை. திரும்பப் படிச்சுப் பாருங்க, அந்த ஆறுல ஆசை இல்ல! நான் மாணவியா இருந்தப்போ இதை கவனிக்கவே இல்ல, பாடம் எடுக்க ஆரம்பிச்சு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் கண்ணுல பட்டுச்சு. காமம்ங்கற ஆசை, கோபம், லோபம்ங்கற பேராசை மூணும் நரகத்துக்கு வாசல்னு 21-வது சுலோகத்துல வருது, அதை நான் மறைக்கல. 10-வதுல "நிரப்பவே முடியாத ஆசை"ன்னு ஒரு வார்த்தை வருது, துஷ்பூரம், அடியில ஓட்டை விழுந்த குடம்னு வச்சுக்கோங்க. ஆனா இதே கிருஷ்ணர் 7-ம் அத்தியாயத்துல, தர்மத்துக்கு விரோதமில்லாத ஆசையா உயிர்கள்கிட்ட இருக்கிறது நான்தான்னு சொல்றார். ஆசைன்னாலே அசுரத்தனம்னா அவர் இப்படிச் சொல்லியிருக்கவே முடியாது. அதனால உங்க மொத கேள்விக்கு நேரடி பதில், இல்லம்மா, ஆசைப்படுறது அசுர குணம் இல்ல. அப்போ அசுர ஆசைன்னு தனியா ஒண்ணு இருக்கே, அது எப்படி இருக்கும், அதைத்தானே கேக்குறீங்க.

உங்க டைரி மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே, 13-ல இருந்து 15 வரைக்கும், அதைக் கொஞ்சம் பக்கத்துல வச்சுப் பாப்போம். இன்னைக்கு இது எனக்குக் கெடச்சாச்சு, இந்த ஆசையையும் அடைஞ்சிடுவேன், இவ்வளவு இருக்கு, இன்னும் இவ்வளவு பணம் எனக்கு வரும், அந்த எதிரியைத் தீத்துட்டேன், மத்தவங்களையும் தீத்துடுவேன், நான்தான் ஈஸ்வரன், நான் அனுபவிக்கிறவன், நான் சாதிச்சவன், பலசாலி, சுகமா இருக்கிறவன், நான் பணக்காரன், நல்ல குடும்பத்துல பொறந்தவன், எனக்கு சமமா வேற யார் இருக்கா, யாகம் பண்ணுவேன், தானம் குடுப்பேன், ஜாலியா இருப்பேன். இந்த ஆள் யார்கிட்ட பேசுறான்? யார்கிட்டயும் இல்ல. பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல, ஃப்ரெண்டு இல்ல, சாமியும் இல்ல, சாமி போஸ்ட்டையும் அவனே எடுத்துக்கிட்டான். அந்த மூணு சுலோகத்துலயும் அவனைத் தவிர வர்ற ஒரே மனுஷன் அந்த எதிரி, அவனும் செத்துப்போயிட்டான். இதுல கொடுமை என்னன்னா யாகமும் தானமும் அவன் லிஸ்ட்லயே இருக்கு. கோயிலுக்கு டியூப்லைட் உபயம் குடுத்துட்டு வெளிச்சமே வராத அளவுக்கு அதுலயே பேரை எழுதி வைக்கிறவங்க உண்டு இல்லையா, அந்த ஜாதி.

ஆக அசுர ஆசைங்கறது ஆசையோட சைஸ் இல்ல. பெரிய வீடு கேட்டா அசுரன், சின்ன வீடு கேட்டா தேவன்னு கணக்கு கெடையாது. நான் ஆசைப்படுற அந்தப் படத்துக்குள்ள என்னைத் தவிர வேற யாராவது உசுரோட இருக்காங்களான்னு பாக்கணும், அதான் கணக்கு. இது நான் சொந்தமா கண்டுபிடிச்சது இல்ல. பிருகதாரண்யக உபநிஷத்துல ஒரு குட்டிக் கதை வருது. தேவர்கள், மனுஷங்க, அசுரர்கள் மூணு பேருமே உலகத்தைப் படைச்ச பிரஜாபதியோட புள்ளைங்க. மூணு பேரும் அப்பாகிட்டயே படிச்சிட்டு கடைசில எங்களுக்கு உபதேசம் சொல்லுங்கன்னு நிக்கிறாங்க. அவர் மூணு பேருக்கும் ஒரே எழுத்துதான் சொல்றார், "த". தேவர்கள் அதை அடக்கமா இருங்கன்னு புரிஞ்சுக்கிட்டாங்க, தாம்யத. மனுஷங்க குடுங்கன்னு புரிஞ்சுக்கிட்டாங்க, தத்த. அசுரர்கள் இரக்கப்படுங்கன்னு புரிஞ்சுக்கிட்டாங்க, தயத்வம். மூணு பேரும் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டீங்கன்னு அவர் சொல்லிட்டார், இன்னைக்கும் வானத்துல இடி இடிக்கிறது அந்த "த த த"தான்னு உபநிஷத்து முடிக்குது. யோசிச்சுப் பாருங்க, ஆசையை அடக்குன்னு சொன்னது தேவர்களுக்கு. பேராசை இருக்கு, குடுன்னு சொன்னது நமக்கு. அசுரனுக்கு எழுதிக்கொடுத்த மருந்து ஆசையை விடுங்கறது இல்ல, இரக்கம். டாக்டர் சீட்டைப் பாத்தாலே நோய் என்னன்னு தெரிஞ்சிடுமே. சங்கரர் இந்த எடத்துக்கு உரை எழுதும்போது இன்னொரு படி மேல போய், இந்த மூணு பேரும் மனுஷங்களுக்குள்ளயேதான் இருக்காங்கன்னு சொல்றார், இரக்கமில்லாம இம்சை பண்ற மனுஷன்தான் அசுரன்ங்கறார். கொம்பு, கோரைப்பல் எல்லாம் நாம நாடகத்துக்கு சேத்துக்கிட்டது.

அப்புறம் விரதம். ஆறு நாள் பட்டினி கெடந்தேன், அவ்வளவு பக்தியா இருந்த எனக்கே இப்படி எண்ணம் வந்துச்சேன்னு லெட்டர்ல ஒரு வருத்தம் தொனிக்குது. நம்ம புராணத்துல விரதத்துல, தவத்துல அசுரனை யாராலயும் அடிச்சுக்க முடியாதும்மா. பாகவதத்துல இரணியகசிபு மந்தர மலைப் பள்ளத்தாக்குல கட்டைவிரல் நுனில நின்னு ரெண்டு கையையும் தூக்கி வானத்தைப் பாத்துக்கிட்டு தவம் பண்றான். ஒடம்பெல்லாம் எறும்பு அரிச்சு, மேல புத்து மூடி, அதுமேல புல்லும் மூங்கிலும் மொளச்சு, பிரம்மா வந்து ஆளை எங்கன்னு தேட வேண்டியிருந்துச்சு. அவ்வளவு பண்ணிட்டு அவன் கேட்டது என்ன? நீ படைச்ச எதாலயும் நான் சாகக்கூடாது, உள்ளயும் கூடாது வெளியயும் கூடாது, பகல்லயும் கூடாது ராத்திரிலயும் கூடாது, தரையிலயும் கூடாது ஆகாசத்துலயும் கூடாது, ஆயுதத்தால கூடாது, மனுஷனால மிருகத்தால கூடாது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வக்கீல் எழுதின பத்திரம்தான் ஞாபகம் வரும், எந்தச் சந்துலயும் யாரும் உள்ள வந்துடக்கூடாதுன்னு ஒவ்வொரு ஓட்டையா அடைக்கிறான். இதுக்குப் பேரு பேராசைன்னு பொதுவா சொல்லுவாங்க, எனக்கென்னவோ இது பயம்னுதான் தோணுது, தம்பியை வராகம் கொன்ன நாள்ல இருந்து தூங்காதவனோட பயம். வெளிய இருந்து எதுவும், யாரும் தனக்குள்ள வரமுடியாத ஒரு ஏற்பாடு அவனுக்கு வேணும். கடைசில எல்லா ஓட்டையையும் அடைச்சவன் வீட்டு வாசப்படியில, சாயங்கால வேளையில, தூணுக்குள்ள இருந்து வந்த நரசிம்மர் மடியில போட்டு நகத்தால முடிச்சிட்டார். பெரியாழ்வார் அந்தத் தூணை "அளந்திட்ட தூண்"ம்பார். அதுக்கு வியாக்கியானக்காரங்க அழகா ஒரு விளக்கம் சொல்லுவாங்க, அந்தத் தூண் வேற எவனோ நட்டது இல்ல, இரணியனே அளந்து பாத்து கட்டுனது, நரசிம்மத்தை முன்கூட்டியே உள்ள ஒளிச்சு வச்சிருந்தாங்கன்னு யாரும் சொல்ல முடியாது. தானே அளந்து கட்டுன தூணுக்குள்ள இருந்துதான் வந்தார்.

பஸ்மாசுரன் கதை எல்லாருக்கும் தெரியும், பாகவதத்துல அவன் பேரு விருகாசுரன். எந்த சாமி சீக்கிரம் வரம் குடுக்கும்னு நாரதர்கிட்ட விசாரிச்சுட்டுத்தான் கெளம்புறான், எந்த பேங்க்ல லோன் சீக்கிரம் சாங்ஷன் ஆகும்னு கேக்குற மாதிரி. கேதாரத்துல உக்காந்து தன் சதையையே அறுத்து அக்னில போடுறான், ஏழாம் நாள் தலையையே வெட்டப்போறான், சிவன் வந்து கையைப் பிடிக்கிறார். உங்களைவிட ஒரு நாள் கூட, பாத்துக்கோங்க. அவன் கேட்ட வரம், நான் எவன் தலையில கை வச்சாலும் அவன் சாகணும். வாங்கின கையோட குடுத்தவர் தலையிலயே வச்சுப் பாக்க ஓடுறான், பார்வதி வேணுமாம். வெட்டிக்க இருந்த கையை எந்தக் கை தடுத்துச்சோ அந்தக் கைக்காரர் தலைக்கே குறி. குடுத்தவர் முகம் ஒரு நிமிஷம்கூட அவன் மனசுல பதியல, வரம் மட்டும்தான் தெரிஞ்சுது.

சரி, அப்போ சாமிகிட்ட கேக்கக்கூடாதான்னா, இங்க பெரியவங்களுக்குள்ளயே ரெண்டு குரல் இருக்கு, ரெண்டையும் சொல்லிடுறேன். நரசிம்மர் கோவம் தணிஞ்சு பிரகலாதன்கிட்ட வரம் கேளுடான்னு சொல்றார். அந்தப் பையன், உங்ககிட்ட பலனை எதிர்பாக்குறவன் பக்தனே இல்ல, அவன் வியாபாரின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுறான். அப்புறமும் நீங்க குடுத்தே ஆகணும்னா, என் மனசுல ஆசையே மொளைக்காம இருக்கணும், அதைக் குடுங்கங்கறான். அசுரன் வீட்டுப் புள்ள பேசுற பேச்சு இது! அதுக்கப்புறம் அவன் தனக்குன்னு இல்லாம ஒண்ணு கேக்குறான், தன்னைக் கொல்லப் பாத்த அப்பாவை மன்னிச்சு சுத்தமாக்கணும்னு. உங்க அப்பா மட்டுமில்ல, 21 தலைமுறையும் சுத்தமாயாச்சுன்னு பகவான் சொல்றார்.

இன்னொரு குரல் கீதை 7-ம் அத்தியாயம். என்னை நாலு விதமான நல்லவங்க கும்பிடுறாங்க, கஷ்டத்துல இருக்கிறவன், தெரிஞ்சுக்க நினைக்கிறவன், பொருள் வேணுங்கறவன், ஞானி. மூணாவது ஆளைப் பாருங்க, அர்த்தார்த்தி, அது நீங்கதான், மேனேஜர் போஸ்ட் கேட்டு வேல் முன்னாடி நிக்கிறவங்க. ரெண்டு சுலோகம் தள்ளி, இவங்க எல்லாருமே உத்தமமானவங்கதான்னு ஒரு வார்த்தை போடுறார். ஞானிதான் ஒசத்தின்னு சொல்றார், ஆனா மத்தவங்களை வாசல்ல நிறுத்தல. பிரகலாதன் சொன்னதை எடுத்துக்கிட்டு நேர்த்திக்கடன் வைக்கிற சனங்களை எல்லாம் வியாபாரின்னு கேவலமா பேசுறவங்களை எனக்குப் பிடிக்காது, புள்ளைக்கு காய்ச்சல்னு மாரியம்மனுக்கு கூழு ஊத்துறவ கால் தூசிக்கு அந்தப் பேச்சு பெறாது. வியாபாரியாவே இருந்தாலும், அவனுக்குக் கடைக்காரர் முகம் தெரியும், விலை குடுப்பான், நன்றி சொல்லுவான், நாளைக்கும் வருவான், வந்து வந்து பழகி ஒரு நாள் ஒண்ணும் வாங்காம சும்மா பேசிட்டுக்கூடப் போவான். கடையையே எழுதிக் குடுன்னு கேக்குறவன்தான் அசுரன்.

உங்க வேண்டுதல்ல ரெண்டு வாக்கியம் இருந்துச்சு. எனக்குக் கெடைக்கணும், அது அர்த்தார்த்தியோடது, தாராளமா வச்சுக்கோங்க. அவளுக்குக் கெடைக்கக்கூடாது, இது வேற எடத்துல இருந்து வந்தது. ஒரே ஒரு போஸ்ட்தானே, எனக்குக் கெடச்சா அவளுக்குக் கெடைக்காதுதானே, ரெண்டும் ஒண்ணுதானேன்னு அக்கவுண்ட்ஸ்காரங்க நீங்க கேப்பீங்க. கணக்குப்படி ஒண்ணுதான். ஆனா ரெண்டாவதைச் சொல்லும்போது உங்க நெஞ்சு எப்படி இருந்துச்சுன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க, மொத வாக்கியத்துல முருகன் முகம் தெரிஞ்சிருக்கும், ரெண்டாவதுல அவ முகம்தான் தெரிஞ்சிருக்கும், அதுவும் தோத்துப்போன முகம்.

எனக்கு எப்படித் தெரியும்னா, என் கதை ஒண்ணு இருக்கு. எங்க அம்மாவோட ரெட்டைவடச் சங்கிலி அவங்க போனப்புறம் தங்கச்சிக்குப் போகும்னு பேச்சு வந்துச்சு. நான் மூத்தவ. அப்போ காலேஜ்ல இதே 16-ம் அத்தியாயம் நடத்திக்கிட்டு இருக்கேன், போர்டுல துஷ்பூரம்னு எழுதி விளக்குறேன், மனசுக்குள்ள சங்கிலி எத்தனை பவுன்னு ஓடுது. பேசிப் பேசி, அழுது, பழைய கதையெல்லாம் கிளறி வாங்கிட்டேன். வாங்கி ஒரு தடவை கழுத்துல போட்டுக் கண்ணாடில பாத்தேன், அப்புறம் அது பேங்க் லாக்கருக்குப் போனதுதான். கழுத்துல போட ஆசைப்பட்டேன்னா ஒரு கல்யாணத்துக்காவது போட்டிருக்கணுமே! அவ கழுத்துல அது இருக்கக்கூடாது, என் ஆசை அவ்வளவுதான், அதுக்கு நான் மூத்தவ, உரிமைன்னெல்லாம் பேரு வச்சிருந்தேன். லாக்கர் வாடகையைக் கட்டும்போதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை இந்த அத்தியாயம் எனக்கு ரிவிஷன் ஆகும். போன வருஷம் அவ பேத்தி காதுகுத்துக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன், அவ வாங்கி பீரோல வச்சிட்டு "டீ போடவா"ன்னு கேட்டா, வேற ஒண்ணும் பேசல.

தாயுமானவர் "ஆசைக்கோர் அளவில்லை"ன்னு ஆரம்பிச்சு, உலகம் முழுக்க ஆண்டாலும் கடல் மேலயும் என் ஆணை செல்லணும்னு நெனைப்பாங்கன்னு பாடினாரே, அது ராஜாக்களுக்குச் சொன்னது மாதிரி தெரியும், ஒரு சங்கிலிக்கும் பொருந்துது.

இப்போ உங்க சூரனுக்கு வருவோம். கச்சியப்பர் கந்தபுராணத்துல சூரபத்மன், சிங்கமுகன், தாரகன் மூணு பேரும் தனித்தனி ஆளுங்க, அண்ணன் தம்பிங்க. ஆனா கோயில்ல நடக்கிற சம்ஹாரத்துல ஒரே பொம்மை உடம்புதான், தலை மட்டும்தான் மாறும். தோள்ல தூக்குறவங்க சூரனை அப்படியும் இப்படியும் ஆட்டுவாங்க, சூரன் திமிறுவான், சாமியைச் சுத்திச் சுத்தி வருவான், வேல் வந்து தொட்டதும் யானைத் தலையைக் கழட்டிட்டு சிங்கத் தலையை மாட்டுவாங்க, அடுத்து சூரன் தலை, அப்புறம் மாமரக் கொப்பு. புராணத்துல மூணு பேரா இருக்கிறதை ஒரே கட்டை உடம்புல மாட்டுன அந்தப் பழைய ஆளுங்களுக்கு மனசு எப்படி வேலை செய்யும்னு நல்லாத் தெரிஞ்சிருக்கு. இன்னைக்கு மேனேஜர் போஸ்ட் தலை, அடுத்த வருஷம் ஃப்ளாட் தலை, அதுக்கடுத்து புள்ளையோட மெடிக்கல் சீட் தலை. தலையை வெட்டி வெட்டிப் பாத்தாலும் கீழ இருக்கிற கட்டை அப்படியே இருக்கு. உங்களுக்கு வேர்த்தது அந்தக் கட்டையைப் பாத்துத்தான்னு நெனைக்கிறேன்.

கந்தபுராணத்துல ஒரு எடம் இருக்கு, கோயில்ல அதை நடிச்சுக் காட்ட முடியாது. சண்டை நடுவுல முருகன் தன் விசுவரூபத்தை சூரனுக்குக் காட்டுறார். 108 யுகம் 1008 அண்டத்தை ஆளுறதுக்கு வரம் வாங்கினவன், தேவர்களையெல்லாம் ஜெயில்ல போட்டவன், அப்படியே நின்னுபோயிடுறான். இவரைப் போய் பாலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே, எல்லாருக்கும் மூலகாரணமே இவர்தானேன்னு உருகிப் பாடுறான், சுத்தி வந்து கும்பிடணும்னு ஆசைப்படுறான், அந்த நிமிஷம் அவன் பேசுறதைக் கேட்டா எந்த அடியாரும் தோத்துப்போவார். முருகன் அந்த ரூபத்தை மறைச்சுக்கிட்டதும், ச்சே இதெல்லாம் மாயம்னு பழையபடி வில்லைத் தூக்கிடுறான். அவன் மனசுக்குள்ள நல்ல ஆசையே இல்லைன்னு சொல்ல முடியாது பாருங்க, அது இருந்துச்சு, பெருசாவே இருந்துச்சு, எதிர்ல அவர் தெரியுறவரைக்கும் இருந்துச்சு. கண்ணுல இருந்து மறைஞ்சதும் மறுபடி உலகத்துல தான் மட்டும்தான். உங்களுக்கும் அந்தச் சாயங்காலம் நடந்தது கிட்டத்தட்ட இதேதான், ஆனா நீங்க வீட்டுக்குப் போய் வில்லைத் தூக்காம கீதையைத் தூக்கியிருக்கீங்க.

அப்புறம் அவன் கடலுக்கு நடுவுல மாமரமா நிக்கிறான், வேல் ரெண்டா பொளக்குது, ஒரு பாதி மயிலு, ஒரு பாதி சேவல். நம்ம ஊர்ல ரொம்ப கேட்டுக் கேட்டு இது சாதாரணமாப் போச்சு, கொஞ்சம் நின்னு யோசிங்க. இரணியனை நரசிம்மர் முடிச்சிட்டார். சூரனை முருகன் முடிக்கல, மயில் மேல ஏறி உக்காந்துக்கிட்டார், சேவலைக் கொடில வச்சுக்கிட்டார். அதே வேகம், அதே திமிர்ற பலம், 108 யுகம் ஆண்ட அதே சக்தி, மேல உக்காந்திருக்கிற ஆள்தான் மாறியாச்சு.

ஆசையை என்ன பண்றதுன்னு திருமூலரைக் கேட்டா "ஆசை அறுமின்கள்"னு சொல்லி, ஈசன் மேலயே இருந்தாலும் அறுத்துடுங்கன்னு ஒரே போடா போட்டுடுவார். அது மலை உச்சி, அங்க நிக்கிறவங்களுக்கு அது சரி. எனக்கு மூட்டு வலி, அவ்வளவு தூரம் ஏற முடியாது. நான் ஆண்டாள் பக்கம். மார்கழி முழுக்க பறை வேணும் பறை வேணும்னு பாடிட்டு 29-ம் பாட்டுல, நாங்க பறை வாங்க வரல, எத்தனை பிறவி எடுத்தாலும் உன்கூட இருக்கணும், "மற்றை நம் காமங்கள் மாற்று"ங்கறா. அழின்னு சொல்லல, அறுன்னு சொல்லல, மாத்துங்கறா. அதுவும் நானே மாத்திக்கிறேன்னு சொல்லல, நீ மாத்துன்னு அவன் தலைல போட்டுட்டா. 28 நாள் வேற ஏதேதோ கேட்டுட்டுத்தான் இதுக்கு வந்து சேர்றா, அதையும் மறந்துடாதீங்க.

இனி நீங்க செய்ய வேண்டியது. போஸ்ட்டுக்கு அப்ளை பண்ணுங்க, இண்டர்வியூவுக்கு நல்லா தயார் பண்ணிக்கோங்க, குற்ற உணர்ச்சில பின்வாங்கி தியாகம் பண்ற வேலையெல்லாம் வேண்டாம், அப்படிப் பண்ணிட்டு அப்புறம் வாழ்க்கை பூரா அவளை முறைச்சுக்கிட்டே இருந்தா அது இதைவிட மோசமான அசுரத்தனம். முருகன்கிட்ட மொத வாக்கியத்தை மட்டும் சொல்லுங்க. ரெண்டாவது வாக்கியம் தானா நாக்கு நுனிக்கு வரும், வந்தா அடக்கி மென்னு முழுங்க வேண்டாம், முருகா எனக்கு இப்படியும் ஒண்ணு தோணுது, இதை மாத்துன்னு அவர்கிட்டயே ஒப்படைச்சிடுங்க. அந்தப் பொண்ணுக்காக வேண்டிக்கோங்கன்னு நான் சொல்லமாட்டேன், இப்போ உங்களால அது முடியாது, பொய்யா வேண்டிக்கிட்டா மொத அசுர குணத்துல, அந்த வேஷத்துலதான் போய் நிக்கும். அவளைப் பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க, போதும். அவ ஏன் அந்த போஸ்ட்டுக்கு ஆசைப்படுறான்னு உங்களுக்குத் தெரியுமா? லெட்டர்ல அவளைப் பத்தி "இன்னொரு பொண்ணு"ங்கறதுக்கு மேல ஒரு வரி இல்ல. அவளுக்கும் வீட்டு லோன் இருக்கலாம், அவளும் எங்கயாவது விரதம் இருந்திருக்கலாம். மதியம் டிபன் பாக்ஸ் தொறக்கும்போது பக்கத்துல உக்காந்து ரெண்டு வார்த்தை பேசுங்க. பிரஜாபதி சொன்ன "த" ரொம்பப் பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல, அந்த அளவுக்குத்தான்.

போஸ்ட் அவளுக்கே போயிடுச்சுன்னா ரெண்டு நாள் அழுங்க. அதுல ஒரு தப்பும் இல்ல. மூணாவது நாள் அவ கேபினுக்குப் போய் கை குடுக்க முடிஞ்சா எனக்கு ஒரு லெட்டர் போடுங்க, முடியலைன்னாலும் போடுங்க.

அடுத்த வருஷம் விரதம் தாராளமா இருங்க. தைராய்டு மாத்திரையை மட்டும் ஒரு நாள்கூட நிறுத்தாதீங்க, பட்டினி ஒத்துக்குமான்னு உங்க டாக்டரை முன்னாடியே கேட்டுடுங்க. ஒரு வேளை சாப்பாடு, மத்தபடி பாலும் பழமும்னு இருக்கிறவங்க நெறைய பேர் இருக்காங்க, மெளகை எண்ணி முழுங்குற விரதமெல்லாம் உங்களுக்கு வேண்டாம். ஆறாம் நாள் சம்ஹாரம் முடிஞ்சதும் கூட்டம் கலைஞ்சு போயிடும், நீங்க உடனே கெளம்பாதீங்க, மறுநாள் திருக்கல்யாணத்துக்கும் போங்க. பாதிப்பேர் சூரன் செத்ததோட வீட்டுக்குப் போயிடுறாங்க, மயில் எதுக்குன்னு பாக்குறதே இல்ல.